நகை முத்திரையை வாசிப்பது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு வீட்டு நகைப்பெட்டியைத் திறந்தால் நாலைந்து நாடுகள் அதற்குள் இருக்கும். அம்மம்மாவின் அட்டியல் ஊர்ப் பத்தர் செய்தது. சங்கிலி மத்திய வீதியில் எடுத்தது. காப்புச் சோடி சவூதியில் வேலை செய்த சின்னம்மா கொண்டு வந்தது. மோதிரம் பிரான்சில் இருந்து மாமா அனுப்பியது. கலியாணத்துக்காகச் சென்னை போய் எடுத்த நெக்லஸ் ஒன்றும் கிடக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ள தங்கம் வேறு, அதைச் சொல்லும் முத்திரையும் வேறு. விற்கும்போதோ, அடகு வைக்கும்போதோ, பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போதோ எல்லாவற்றையும் "22 கரட்" என்று ஒன்றாகப் போட்டு நிறுத்தால் யாரோ ஒருவருக்கு நட்டம் வரும். பெரும்பாலும் அது பேசத் தயங்கும் ஆளுக்குத்தான் வரும்.

நகையில் உள்ள முத்திரை ஒருவர் தந்த வாக்கு. அந்த வாக்கைத் தந்தது நகையை விற்ற கடையா, அந்தக் கடையோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வுகூடமா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. எண்ணை வாசிப்பது மற்றப் பாதி.

முதலில் எண்களை மனதில் போடுங்கள்

தூய தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். அதையே ஆயிரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 916 வரும். ஆகவே 22 என்று இருந்தாலும் 916 என்று இருந்தாலும் சொல்வது ஒன்றுதான். 21 கரட்டுக்கு 875, 18 கரட்டுக்கு 750, 14 கரட்டுக்கு 585, 10 கரட்டுக்கு 417, 9 கரட்டுக்கு 375. 999 என்றால் 24 கரட். அது நகையில் குறைவு, கட்டியிலும் நாணயத்திலும்தான் அதிகம் வரும்.

நாங்கள் பவுணில் கணக்குப் பார்க்கிறவர்கள் என்பதால் இதைப் பவுணுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு பவுண், அதாவது எட்டுக் கிராம் நகை 22 கரட் என்றால் உள்ளே 7.33 கிராம் தங்கம். 21 கரட் என்றால் 7 கிராம். 18 என்றால் 6 கிராம். 9 கரட் என்றால் வெறும் 3 கிராம். ஐந்து பவுண் சவூதிக் காப்பை 22 என்று எண்ணிப் பிரித்தால், அதில் இல்லாத 1.67 கிராம் தங்கத்துக்குச் சேர்த்து ஒருவர் கணக்குக் கொடுத்து விடுகிறார்.

துப்புரவு செய்து, முத்திரையைத் தேடுங்கள்

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மென்மையான தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம். 22 கரட் மென்மையான உலோகம், கீறல் விழும், ஏற்கெனவே தேய்ந்த முத்திரை இன்னும் தேயும். முத்து, பவளம் பதித்ததையும், உள்ளே அரக்கு வைத்த அட்டியல், கல்லுத்தோடு போன்றவற்றையும் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மோதிரத்தில் முத்திரை உள்வளையத்தில் இருக்கும். காப்பில் உட்பக்கம், பெரும்பாலும் பற்ற வைத்த இடத்துக்குக் கிட்ட. சங்கிலியில் கொளுக்கியிலோ, அதன் பக்கத்தில் தொங்கும் சின்னத் தகட்டிலோ. பதக்கத்தில் மேல் வளையத்திலோ பின்புறத்திலோ. தோட்டில் தண்டிலும் சுரையிலும் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப் போகிறதா என்றும் பாருங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் கமரா போதும். வெளிச்சம் நேர் மேலே இருந்து விழக் கூடாது. யன்னலோரம் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி நகையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுங்கள். மிகவும் மங்கிப் போயிருந்தால் முகப் பவுடரைத் துளி தொட்டு விரலால் ஒற்றி, மேலே உள்ளதை ஊதி விடுங்கள். பள்ளத்தில் தங்கும் பவுடர் எழுத்தைக் காட்டிக் கொடுக்கும்.

அடித்ததா, வார்த்ததா, ஒட்டியதா?

என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்த முத்திரைக்கு ஓரம் கூராக இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாக, மறு பக்கம் மேலோட்டமாக விழுந்திருக்கும். லேசரில் எழுதியது ஆழமில்லாமல், ஒரே சீராக, சற்றுக் கறுத்த கோடாக இருக்கும். இந்த இரண்டும் சரிதான். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பள்ளத்துக்குள் மணல் மணலாகத் தெரியும். முத்திரை உள்ள ஒரு நகையை அச்செடுத்து வார்த்தால் இப்படி வரும். அதைக் கண்டால் முத்திரை இல்லாத நகையாகவே எண்ணி, சோதனைக்குக் கொடுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முத்திரை தான் இருக்கும் துண்டுக்கு மட்டும்தான் பேசும். எங்கள் வீடுகளில் சங்கிலி அறுந்தால் கொளுக்கி மாற்றுவோம், நீளம் போதாவிட்டால் வளையம் சேர்ப்போம். 916 என்று அடித்த புதுக் கொளுக்கி பழைய 20 கரட் சங்கிலியில் தொங்கலாம். அதற்கு மாறாக, நல்ல 22 கரட் சங்கிலியில் முத்திரையே இல்லாத கொளுக்கியும் இருக்கலாம். தகட்டின் நிறம் சங்கிலியின் நிறத்தோடு ஒத்துப் போகிறதா, தகட்டைச் சுற்றிப் புதிதாகப் பற்ற வைத்த தழும்பு இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஏமாற்ற நினைப்பவர்கள் செய்வதும் இதைத்தான்: உண்மையான முத்திரைத் தகட்டை எடுத்து வேறொன்றில் ஒட்டி விடுவார்கள்.

இலங்கைக் கடை முத்திரை

இங்குள்ள கடைகளில் எடுத்த நகையில் வழக்கமாக இரண்டு விடயம் இருக்கும்: 22 அல்லது 916 என்ற எண், பக்கத்தில் கடைப் பெயரின் இரண்டு மூன்று ஆங்கில எழுத்து. அந்த எழுத்துத்தான் செய்தவரின் அல்லது விற்றவரின் குறி. இது கடை தானே தருகிற வாக்கு. நல்ல பெயர் உள்ள கடை என்றால் அந்த வாக்குக்கு நல்ல மதிப்பு உண்டு. அதே கடைக்கு நகையைத் திருப்பிக் கொண்டு போனால் பெரும்பாலும் கேள்வி இல்லாமல் எடுப்பார்கள். வேறு கடைக்குப் போனால் அந்த எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இராது, உரைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அதனால் கடை எழுத்தையும் பற்றுச்சீட்டையும் பிரிக்காதீர்கள். பற்றுச்சீட்டில் கரட், மொத்த நிறை, கல் நீங்கிய நிறை, செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காவிட்டால் ஒரே தொகையாகப் போட்டு விடுவார்கள்.

கடையைச் சாராத ஒரு தீர்ப்பு வேண்டும் என்றால், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கொழும்பில் இருக்கிறது. தங்கத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுகூடம் அதற்கு உண்டு. ஒரு மோதிரத்துக்காகக் கொழும்பு போகச் சொல்லவில்லை. பெரிய பாகப் பிரிவினை, வழக்கு, நிறையத் தங்கம் விற்பது என்று வந்தால் போவது நல்லது.

முத்திரை இல்லாத பழைய நகை

இந்த இடத்தில்தான் எங்கள் சனங்கள் அதிகம் இழக்கிறார்கள். "அடையாளம் ஒன்றும் இல்லையே, தரம் குறைவாத்தான் இருக்கும்" என்று ஒரு கடையில் சொன்னால் தலையாட்டி விட்டு வருகிறோம். முத்திரை இல்லை என்பதற்குத் தரம் இல்லை என்று பொருள் கிடையாது. பத்தரிடம் நேரே தங்கம் கொடுத்துச் செய்வித்த நகைக்கு யார் முத்திரை அடிப்பார்கள்? தாலியை எடுத்துக் கொள்ளுங்கள். நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கி, வீட்டார் கண் முன்னே உருகிய தங்கத்தில் செய்தது. அந்தச் சடங்கே ஒரு சாட்சி. பழைய நாட்களில் அப்படி உருக்கியது பெரும்பாலும் பவுண் காசு, அதாவது பிரிட்டிஷ் தங்க நாணயம். அது 22 கரட்.

பவுண் காசு இன்னும் சில வீடுகளில் பதக்கமாகத் தொங்குகிறது. அதற்கும் முத்திரை உண்டு. குதிரை மேல் இருக்கும் வீரன் பறவைநாகத்தைக் குத்தும் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் ஒரு மிகச் சிறிய ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பேர்ண், பீ என்றால் பேர்த். 1918ஆம் ஆண்டுக் காசில் ஐ என்று இருந்தால் பம்பாயில் அடித்தது. எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன். உண்மையான காசு 7.98 கிராம் நிறை, 22 மில்லிமீற்றர் அகலம். வளையம் பற்ற வைத்திருந்தால் நிறை கூடும். இந்த எழுத்தைப் பார்க்காமல் காசை உருக்கக் கொடுக்காதீர்கள்.

பழைய நகையை உருக்கினால் கரட் கொஞ்சம் குறைந்து காட்டுவது உண்டு. அதற்குக் காரணம் பற்றாசு. துண்டுகளை ஒட்டுவதற்குத் தங்கத்தை விடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை வேண்டும், அதில் தங்கம் குறைவாக இருக்கும். நுணுக்கமான வேலை, நிறைய ஒட்டு உள்ள நகையில் இந்தக் குறைவும் கூடுதலாக வரும். பத்தர் ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இதோடு சேர்த்துக் கேடிஎம் பற்றியும் சொல்லி விடுகிறேன். பலர் அதைத் தர முத்திரை என்று நினைக்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றாசைக் குறிக்கும் சொல். காட்மியம் சேர்த்தால் தங்கம் கூடிய பற்றாசே குறைந்த சூட்டில் உருகி விடும் என்பதால் அது பரவியது. அதன் புகை வேலை செய்கிறவரின் உடம்புக்கு மிகக் கெடுதல். நகையில் கேடிஎம் என்று இருந்தால் கரட் எண்ணைத் தனியாகத் தேடுங்கள்.

இந்தியாவில் எடுத்தது

இந்திய நகையின் முத்திரையில் ஆண்டு முக்கியம். அங்கே அரசின் தர நிறுவனமான பிஐஎஸ் 2000ஆம் ஆண்டில் தங்கத்துக்கு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. 2017 முதல் 2021 நடுப்பகுதி வரை வந்த நகைகளில் முக்கோண வடிவிலான பிஐஎஸ் சின்னம், 22 கே 916 என்பது போன்ற தர எண், சோதித்த நிலையத்தின் குறி, கடையின் குறி என்று நான்கு இருக்கும். 2021 யூலை 1 முதல் இது மூன்றாகக் குறைந்தது: சின்னம், தர எண், எச்யுஐடி எனப்படும் ஆறு இலக்கக் குறியீடு. அந்த ஆறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும், நகைக்கு நகை வேறுபடும். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு, இந்த முத்திரைச் சட்டத்துக்குள் வரும் நகையை அந்த ஆறு இலக்கம் இல்லாமல் அங்கே கடையில் விற்க முடியாது. இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு.

புதிய முறையில் கடையின் குறி நகையில் இல்லை என்று பயப்பட வேண்டாம். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் கடையின் பெயர், சோதித்த நிலையம், தரம், என்ன வகை நகை என்பதெல்லாம் வரும். கடைசியாகச் சொன்ன நகை வகையைக் கட்டாயம் பாருங்கள். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்று சொன்னால் அந்த இலக்கம் வேறொரு நகையில் இருந்து எடுத்தது. கடையில் நிற்கும்போதே, காசு கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள். கப்பல் ஏறி வந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

வெளிநாட்டில் இருந்து வந்தது

சவூதி, குவைத், கட்டார் நகைகளில் 21 கரட், அதாவது 875, மிகச் சாதாரணம். டுபாயில் 22ம் உண்டு, 21ம் உண்டு, 18ம் உண்டு. "டுபாய் தங்கம்" என்ற பெயருக்குக் கரட் இல்லை. எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் எடுத்தவை பெரும்பாலும் 916.

லண்டனில் இருந்து வந்தவற்றை வாசிப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. 1300ஆம் ஆண்டிலேயே அங்கே சிறுத்தைத் தலை முத்திரை சட்டமாகி விட்டது. இன்றைக்கும் மூன்று குறி கட்டாயம்: செய்தவர் அல்லது பொறுப்பேற்றவரின் எழுத்துகள், தர எண், சோதித்த நிலையத்தின் சின்னம். சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பேர்மிங்ஹாம், ரோஜா என்றால் ஷெஃபீல்ட், கோட்டை என்றால் எடின்பரோ. நங்கூரத்தைக் கண்டு கடற்படை நகை என்று நினைத்து விட வேண்டாம். கடலே இல்லாத ஊரின் குறி அது. கூடவே ஒற்றை எழுத்து ஒன்று இருந்தால் அது ஆண்டைக் குறிக்கும். 1999 முதல் அது கட்டாயமில்லை. திருகோணமலை 1957 வரை பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த ஊர் என்பதால், பழைய ஆங்கில மோதிரமோ மணிக்கூட்டுச் சங்கிலியோ ஒரு வீட்டில் இருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். 9 என்றும் .375 என்றும் சேர்ந்து வரும். 15 என்றும் .625 என்றும் இருந்தால் அது 1854க்கும் 1932க்கும் இடையில் முத்திரை பெற்றது. அந்தத் தரம் அதன் பிறகு அங்கே இல்லை. அப்படி ஒன்றுக்குத் தங்க நிறையை விட மேலான மதிப்பு இருக்கலாம்.

பிரான்ஸ் நகையில் எண்ணே இல்லாமல் இருக்கலாம். 18 கரட்டுக்கு அவர்களின் குறி கழுகுத் தலை, 1838 முதல். கடுகை விடச் சிறியது. கண்ணாடி இல்லாமல் கீறல் போலத்தான் தெரியும். பக்கத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்தும் ஒரு சின்னமும் இருந்தால் அது செய்தவர் குறி. பாரிஸில் இருந்து வந்த மோதிரத்தில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்டால் மறுபடி ஒருமுறை கழுகைத் தேடுங்கள்.

சுவிஸில் சென் பேர்னார்ட் நாயின் தலை அரசு முத்திரை. கைக்கடிகாரக் கூட்டுக்குத்தான் அது கட்டாயம், நகைக்கு விருப்பம். ஆனால் தர எண்ணும் பொறுப்பேற்பவர் குறியும் இருக்க வேண்டும். ஜேர்மனியில் அரசு முத்திரை அடிப்பதில்லை, செய்தவரே எண் போடுவார். அங்கே 333, 585, 750 மூன்றும் சாதாரணம். 333 என்றால் 8 கரட். மூன்றில் ஒரு பங்குதான் தங்கம், இங்குள்ள கடையில் அதை எடுக்க யோசிப்பார்கள். கனடாவில் 10 கரட் நிறைய வரும், எண்ணோடு வணிகக் குறியும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

தங்கம் போல எழுதியது

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டு விடாதீர்கள். 18 கே ஜீபி என்றால் 18 கரட் முலாம், உள்ளே வேறு உலோகம். ஜீஈபி, எச்ஜீஈ, ஆர்ஜீபி, ஜீஎஃப் எல்லாமே முலாம் அல்லது மேல் தகடு என்பதைத்தான் சொல்கின்றன. ஒரே விதிவிலக்கு, கே எழுத்தை அடுத்துத் தனியே வரும் பீ. அது கரட் சரியாக இருக்கிறது என்று சொல்வது. மஞ்சளாக இருக்கும் நகையில் 925 என்று இருந்தால் அது தங்க முலாம் பூசிய வெள்ளி.

வீட்டில் ஒரு சோதனை

காந்தம் வைத்துப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. பித்தளையும் செம்பும் கூட ஒட்டாது. நல்ல தங்கச் சங்கிலியின் கொளுக்கிக்குள் உள்ள உருக்குச் சுருள் ஒட்டும். இதை விடத் தண்ணீர்ச் சோதனை நல்லது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். நகையை நிறுத்து எழுதுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துச் சைபர் ஆக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ முட்டாமல் முழுதும் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நகையின் நிறையை வகுக்க வேண்டும்.

16 கிராம் காப்பு 0.90 காட்டினால் விடை 17.8, 22 கரட் தங்கம் அந்த அளவில்தான் வரும். 1.03 காட்டினால் 15.5, அது 18 கரட் பக்கம். 1.8க்கு மேலே போனால் உள்ளே பித்தளை போன்ற வேறு உலோகம். 22ஐயும் 21ஐயும் திட்டமாகப் பிரிக்க இது போதாது. கல், அரக்கு, உள்ளே வெற்றிடம் உள்ள நகைக்கும் இது சரிவராது. கடைகளில் தங்கம் சோதிக்கும் அமிலத்தை மட்டும் வீட்டில் தொடாதீர்கள்.

கடையில், வங்கியில்

உரைகல்லில் உரைத்து அமிலம் வைப்பது பழகிய கைக்கு நல்ல முறை. நகையின் ஓர் இடத்தில் மட்டும் உரைக்க விடாமல் கொளுக்கி, நடு, பற்ற வைத்த இடம் என்று இரண்டு மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கதிர் பாய்ச்சிக் கரட் காட்டும் மெசின் மேற்பரப்பைத்தான் வாசிக்கும்; தடித்த முலாம் அதை ஏமாற்றும். ஒரு துளி எடுத்து உருக்கிப் பிரித்துப் பார்ப்பதுதான் மிகத் திருத்தமானது, ஆனால் அந்தத் துளி திரும்பி வராது.

அடகு வைத்த நகை என்றால் அடகுச் சீட்டைப் பாருங்கள். அதில் எழுதிய கரட்டும் நிறையும், உங்களுக்கு எதையும் விற்காத ஒருவர் சோதித்து எழுதியது. நகையை மீட்டவுடன் சீட்டைத் தூக்கி எறிகிறோம். மீட்கும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

எழுதி வையுங்கள்

போரில் இடம்பெயர்ந்த வீடுகளும், 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டு போன வீடுகளும் நகையோடு பற்றுச்சீட்டையும் சேர்த்தே இழந்தன. அதனால் ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம்: முழு நகையின் படம், முத்திரையின் படம், நிறை, எண், கடை எழுத்து, எங்கே எப்போது யார் எடுத்தது, கொளுக்கி மாற்றியது எந்த ஆண்டு. முத்திரையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள், எழுத்தின் அளவு தெரியும். முத்திரை இல்லாத நகை என்றால் அதையும் எழுதி, செய்த பத்தர் எந்த ஊர், எந்தத் தங்கத்தில் செய்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த விபரம் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. பிறகு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, வேறு வீட்டில் உள்ள உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.